பட்டியல் எழுதும் மேசையில் நீதிபதி உட்கார்ந்தால்

2019 ஓகஸ்ட் 31 காலை அசாம் மாநிலத்தின் தேசியக் குடிமக்கள் பதிவேடு, அதாவது அங்கே வாழ்பவர்களில் யார் இந்தியக் குடிமக்கள் என்று குறிக்கும் பட்டியல், வெளியானது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 3 கோடி 30 இலட்சம் பேர். அவர்களில் 19,06,657 பேருடைய பெயர் அதில் இல்லை. ஒரே வீட்டில் தாய்க்குப் பெயர் இருந்தது, பிள்ளைக்கு இல்லை. தமையன் உள்ளே, தங்கச்சி வெளியே. இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில் இருந்துகொண்டு அந்தச் செய்திகளை ஒன்றுவிடாமல் வாசித்தேன். எண்ணிக்கையை விட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. அந்தப் பட்டியலை ஓர் அமைச்சோ ஒரு கட்சியோ தனியாகச் செய்து முடிக்கவில்லை. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் நாள் குறித்து, முறைகளுக்கு ஒப்புதல் கொடுத்து, அறிக்கை கேட்டு, முன்னின்று முடித்த வேலை அது.

நீதிமன்றம் மேற்பார்வை பார்த்தால் நல்லதுதானே என்று தோன்றும். எங்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. அரசாங்க அலுவலகங்களில் அலைந்து களைத்த சனங்கள் நாங்கள். ஒரு நீதிபதி மேலே இருந்து பார்க்கிறார் என்றால் கீழே இருப்பவர் கொஞ்சம் பயந்து வேலை செய்வார் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு. அசாமிலும் எத்தனையோ ஏழைச் சனங்கள், குறிப்பாக வங்காள மொழி பேசும் முஸ்லிம்கள், ஆரம்பத்தில் இந்தப் பதிவேட்டை வரவேற்றார்கள். ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் தங்களை அந்நியர் என்று சொல்ல மாட்டார்கள், அதுவும் நீதிமன்றமே நின்று நடத்துகிறது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வன்னியில் இருக்கிற ஒருவருக்கு அசாமில் என்ன வேலை என்று கேட்பவர்கள் எங்கள் கிராமங்களைப் பார்க்க வேண்டும். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர், தர்மபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வாழ்பவர்களில் பெரும்பகுதி மலையகத் தோட்டங்களில் இருந்து வந்த குடும்பங்கள், வெள்ளைக்காரன் இந்தியாவில் இருந்து கொண்டுவந்த தொழிலாளரின் வழிவந்தவர்கள். தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்குப் பிறகு சிலர், 1977க்குப் பிறகு பலர் வந்தார்கள். வவுனியாவில் காந்தியம் இயக்கம் அப்படி வந்தவர்களைக் குடியமர்த்தியது. அதைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் 1983 இல் கைதாகி வெலிக்கடைச் சிறையில் இருந்தார்கள். அந்த ஜூலையில் அங்கு நடந்த கொலைகளில் இராஜசுந்தரம் இறந்தார். கென்ற் பாம், டொலர் பாம் என்ற பண்ணைகளில் குடியேறிய தோட்டத்துக் குடும்பங்கள் அடுத்த ஆண்டு அங்கிருந்தும் துரத்தப்பட்டன. எங்கள் தாத்தா அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து பாட்டியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லொறியில் வந்திறங்கியவர். காடு வெட்டினார், கிணறு வெட்டினார், தென்னை வைத்தார். பிரஜாவுரிமை மட்டும் நெடுங்காலம் இல்லை.

அந்த இல்லாமை எப்படி வந்தது என்பதுதான் என்னை அசாம் பக்கம் திருப்பியது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அது. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாட்டனின் பிறப்புப் பதிவை யார் எடுத்துத் தருவது? அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து வசித்தேன் என்று காட்டினால் பதியலாம். திருமணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10 ஆண்டு. அதே 1949 இல் வாக்காளர் இடாப்பைப் பிரஜைகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். 1947 தேர்தலில் 7 இடங்களை வென்ற, தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952 இல் ஓர் இடமும் இல்லை.

அக்காலத்து வவுனியா உறுப்பினரையும் இங்கே சொல்ல வேண்டும். அமைச்சராக இருந்த சி. சுந்தரலிங்கம் 1948 ஓகஸ்ட்டில் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். டிசெம்பரில் இரண்டாவதான வதிவாளர் மசோதா வந்தபோது சபையை விட்டு வெளியேறினார், பிரதமர் விளக்கம் கேட்டதும் பதவியை விட்டார். பின்னர் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசில் இருந்து பிரிந்ததற்கும் இதுவே முக்கிய காரணம். அரசியல்வாதிகள் பக்கத்தை எல்லோரும் பேசியாயிற்று. நீதிமன்றப் பக்கத்தைப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியம்.

கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்லைத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்றொருவர் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்டார். பதிவு அலுவலர் முதநாயக்க மறுத்தார். அது திருத்த அலுவலர் சிவஞானசுந்தரத்திடம் மேன்முறையீடாக வந்தது. அவர் ஒரு நிர்வாக மட்டத்து அதிகாரி, பெரிய நீதியரசர் கிடையாது. ஆனால் அவர் சட்டத்தையும் அது செய்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார். இலங்கையின் அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆவது பிரிவு எந்த ஒரு சமூகத்துக்கும் மற்றவர்களுக்கு இல்லாத தடையை விதிக்கக் கூடாது என்றது. இந்தச் சட்டங்கள் நடைமுறையில் இந்தியத் தமிழரை மட்டும் தள்ளிவைக்கின்றன, ஆகவே செல்லாது என்று முடிவெடுத்து, பெயரைச் சேர்க்கச் சொன்னார்.

1951 இல் இலங்கையின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன, அதில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, அதன் விளைவையோ நோக்கத்தையோ தேடிப் போக வேண்டியதில்லை என்பது அதன் வழி. வழக்கு, அன்று இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு இடமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1953 இல் அவர்களும் அதையே நிலைநிறுத்தினார்கள். தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான வேலை என்றார்கள். 1949 சட்டத்தில் விண்ணப்பிக்க வழி திறந்துதானே இருக்கிறது என்பதும் அவர்கள் காரணங்களில் ஒன்று.

திறந்திருந்த அந்த வழியில் நடந்தது இது: இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் புறக்கணித்துப் பின்னர் விண்ணப்பிக்கச் சொன்னதால், கடைசிக் காலத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மனைவி கொஞ்சக் காலம் ஊருக்குப் போய் இருந்தாள் என்றாலும், பிள்ளை இந்தியாவில் பாட்டியிடம் வளர்ந்தது என்றாலும், வசிப்புத் தொடரவில்லை என்று தள்ளினார்கள். ஆணையாளரின் முடிவுக்கு எதிராக உயர் நீதிமன்றம் போகலாம் என்று சட்டத்தில் இருந்தது. கொழுந்து பறித்து நாட்கூலி வாங்கும் ஒரு குடும்பம் அட்டனில் இருந்து கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்கு வழக்குப் பேசப் போக முடியுமா? சிலர் போனார்கள், வென்றும் வந்தார்கள். மற்ற இலட்சக்கணக்கானவர்களை 1964 ஒக்டோபர் 30 இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் சரிபாதி.

ஆக, எங்கள் கதையில் நீதிமன்றம் பட்டியலில் இருந்து மிகத் தூரத்தில் நின்றது. அசாமில் நடந்தது நேர் எதிர்.

அங்கே 1951 இலேயே ஒரு பதிவேடு எடுத்திருந்தார்கள். அந்நியர் வருகைக்கு எதிராக ஆறு ஆண்டுகள் நடந்த மாணவர் போராட்டம் 1985 ஓகஸ்ட் 15 இல் அசாம் ஒப்பந்தமாக முடிந்தது. 1971 மார்ச் 24 நள்ளிரவு எல்லைக்கோடு ஆனது. அடுத்த நாள்தான் பங்களாதேஷ் போர் தொடங்கியது. 2005 இல் உச்ச நீதிமன்றம் ஒரு பழைய சட்டத்தைச் செல்லாது என்றது. ஒருவரை அந்நியர் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றிருந்த சட்டம் அது. அதற்குப் பிறகு பாரம் முழுவதும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். 2009 இல் ஓர் அமைப்பு வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்யும்படி வழக்குப் போட்டது. 2014 டிசெம்பர் 17 இல் நீதிபதிகள் ரஞ்சன் கோகோயும் ரோஹின்டன் நரிமனும் அடங்கிய அமர்வு பதிவேட்டைப் புதுப்பிக்கும் கால அட்டவணையைத் தானே வகுத்தது. அதன் பின்னர் நாள் சிலமுறை தள்ளிப் போனாலும், அடுத்த நாளைக் குறித்ததும் நீதிமன்றமே. பணியாளர் 50,000 பேருக்கும் மேல், செலவு 1,200 கோடி ரூபாய்க்கும் மேல்.

பெயர் ஏற வேண்டுமானால், 1971 மார்ச் 24 வரையான ஒரு வாக்காளர் பட்டியலிலோ 1951 பதிவேட்டிலோ ஏற்கப்பட்ட வேறொரு பழைய ஆவணத்திலோ உங்கள் முன்னோரின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவை இன்னொரு ஆவணத்தால் கட்ட வேண்டும். ஆண்களுக்குப் பள்ளிச் சான்றிதழோ காணிப் பத்திரமோ இருக்கும். பள்ளிக்கூடம் போகாமல் சிறு வயதில் திருமணமாகி வேறு கிராமம் போன பெண்ணுக்குத் தகப்பனோடு தன்னை இணைக்க என்ன இருக்கிறது? கிராம பஞ்சாயத்துச் செயலாளர் கொடுத்த ஒரு சான்றிதழ்தான். அந்தச் சான்றிதழை குவாஹாட்டி மேல் நீதிமன்றம் 2017 இன் ஆரம்பத்தில் செல்லாது என்றது. இலட்சக்கணக்கான பெண்களின் நிலை மாதக்கணக்கில் தொங்கியது. 2017 டிசெம்பர் 5 இல் உச்ச நீதிமன்றம், சரிபார்த்து ஏற்கலாம் என்றது.

எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். நான் இங்கே ஒரு சமாதான நீதவான். பெரிய பதவியில்லை, சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைப்பதும் பிரதி உண்மை என்று சான்றுபடுத்துவதும்தான் வேலை. வருகிறவர்களில் அதிகம் பேர் அம்மாமார்தான். தோட்டத்துப் பதிவில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இலெட்சுமி. "ஐயா, மூணும் நான்தான்னு எழுதிக் குடுங்க" என்பார்கள். எழுதிக் கொடுப்பேன். அதை ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் அந்த அந்த மேசையில் இருப்பவரைப் பொறுத்தது. ஒரு அலுவலகத்தில் ஏற்ற கடதாசியை இன்னொரு அலுவலகம் திருப்பி அனுப்பி, அந்த அம்மா முதியோர் கொடுப்பனவுக்குப் பல மாதம் அலைந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அசாமில் கத்தூன் என்று பெயர் கொண்ட ஒரு பெண் திருமணத்துக்குப் பிறகு பீபியாகவும் பேகமாகவும் மாறிப் பதியப்பட்டதை வாசிக்கும்போது எனக்கு முகங்கள் தெரிகின்றன.

சரி, நீதிமன்றத்துக்கு வருகிறேன். 2018 ஜூலை 30 இல் முழு வரைவு வந்தது. 40,07,707 பேர் வெளியே. உரிமை கோரி மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில், பதிவேட்டு வேலையை நடத்திய மாநில ஒருங்கிணைப்பாளர், முன்னர் ஏற்கப்பட்ட 15 ஆவணங்களில் ஐந்தை இனி ஏற்க வேண்டாம் என்று பரிந்துரைத்தார். அந்த ஐந்தில் எவை அடக்கம் என்று பாருங்கள்: 1951 பதிவேடும் 1971க்கு முந்திய வாக்காளர் பட்டியல்களும். மிகப் பலர் நம்பியிருந்த அடித்தளம் அது. செப்டெம்பரில் பத்து ஆவணங்களை வைத்தே வேலையைத் தொடங்கும்படி நீதிமன்றம் சொன்னது. நவம்பர் 1 இல்தான் ஐந்தையும் திரும்ப அனுமதித்தது. ஒரு கூலித் தொழிலாளி இந்த ஆறு வாரம் எப்படித் தூங்கியிருப்பான்?

ஒருங்கிணைப்பாளரின் அறிக்கைகள் பல முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளுக்குப் போயின. பாதிக்கப்பட்டவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி மறுத்து வாதாடுவது? உரிமை கோரியவர்களிடமிருந்து கைரேகையும் கண் பதிவும் எடுத்தார்கள், அதுவும் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட நடைமுறைதான். சுமார் 27 இலட்சம் பேரின் பதிவுகள் அப்படியே பூட்டப்பட்டுக் கிடந்தன. அவர்களில் பலர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற பின்னரும் ஆதார் அட்டை எடுக்க முடியாமல், உதவித்தொகை பெற முடியாமல் வருடக்கணக்கில் நின்றார்கள். 2019 ஓகஸ்ட்டின் முதல் வாரத்தில், கீழ் அசாமில் இருப்பவர்களை ஓரிரு நாள் அவகாசத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு விசாரணைக்கு வரச்சொன்னார்கள். பஸ் பிடித்து, கடன் வாங்கி, குழந்தைகளையும் கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் விபத்துகளும் நடந்தன. ஓகஸ்ட் 31 என்ற நாளை மாற்ற முடியாது, நீதிமன்றம் குறித்த நாள் அது.

இதில் யாரிடம் போய் முறையிடுவது? இதுதான் என் கேள்வி. நிர்வாகம் தவறு செய்தால் நீதிமன்றம் போகலாம். நிர்வாகத்தின் நடைமுறையை நீதிமன்றமே வகுத்து, நாளையும் அதுவே குறித்து, அறிக்கையையும் அதுவே வாங்கி வாசித்திருந்தால், அந்த நடைமுறை அநீதியானது என்று அதே நீதிமன்றத்தில் நின்று எப்படிச் சொல்வது? எங்கள் இரணைமடுக் குளத்துச் சிறுபோகக் கூட்டத்தில் இந்த முறை யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரிக்கிறார்கள். பங்கில் பிழை என்றால் மேலே போய்ச் சொல்ல ஒரு இடம் இருக்க வேண்டும். பங்கு பிரித்தவரே மேலேயும் இருந்தால் கமக்காரர் யாரிடம் போவார்?

2019 இல், தடுப்பு முகாம்களில் இருப்பவர்கள் பற்றிய வழக்கில் மனுதாரரான ஹர்ஷ் மந்தர் அப்போது பிரதம நீதியரசராக இருந்த கோகோய் அந்த வழக்கில் இருந்து விலக வேண்டும் என்று கேட்டார். நீதிமன்றம் மறுத்தது, மனுதாரர் இடத்திலிருந்தே மந்தரின் பெயரை நீக்கியது. கோகோய் அசாமைச் சேர்ந்தவர். அவருடைய நேர்மையை நான் எடைபோட வரவில்லை. ஒரு பட்டியலை முடித்தே தீர வேண்டும் என்று பொறுப்பெடுத்த நீதிபதிக்கு, அந்தப் பட்டியலால் அடிபட்டவன் முன்னால் வரும்போது காது திறந்து கேட்பது கடினம். ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடினம். அதனால்தான் அந்த இரண்டு வேலையையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது என்று நான் நம்புகிறேன்.

வெளியே தள்ளப்பட்டவர் அந்நியர் தீர்ப்பாயத்துக்கு 120 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். அதற்கு முதலில் நிராகரிப்புச் சீட்டு வேண்டும். பட்டியல் வந்து ஆண்டுகள் பல கடந்தும் அந்தச் சீட்டைக் கொடுக்கவில்லை, பதிவாளர் நாயகம் பதிவேட்டை வர்த்தமானியில் அறிவிக்கவும் இல்லை. வழக்குப் போட்ட அமைப்பும் மாநில அரசுமே முடிவு பிடிக்காமல் மீண்டும் சரிபார்க்கக் கேட்டன. உள்ளே இருப்பவர் நிம்மதியாக உள்ளே இல்லை, வெளியே இருப்பவருக்கு வாதாட வழியில்லை.

அசாம் பதிவேட்டில் எங்களுக்கு நெருக்கமான இன்னொரு இழையும் உண்டு. அங்கேயும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தேயிலைத் தோட்டத்து மக்கள் இருக்கிறார்கள். சோட்டா நாக்பூரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் ஆந்திரப் பக்கத்தில் இருந்தும் ஏற்றிவரப்பட்டவர்கள். அவர்களிடமும் தாள்கள் குறைவு. ஆனால் மண்ணின் பூர்வீகக் குடிகளோடு சேர்த்து அவர்களுக்கு எளிய சரிபார்ப்பு வழி விட்டார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையான சந்தோஷம். கூடவே இன்னொன்றும் விளங்கியது: தாள் இல்லாவிட்டாலும் ஒருவரை ஊரறிந்த குடி என்று ஏற்க முடியும், மனம் இருந்தால். அந்த மனம் ஆற்றங்கரை மணல்திட்டுகளில், வருடாவருடம் பிரம்மபுத்திரா வீட்டையும் பெட்டியையும் அள்ளிக்கொண்டு போகும் இடங்களில் வாழும் முஸ்லிம் விவசாயிகளுக்குக் கிடைக்கவில்லை.

நீதிமன்றம் விலகியே நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1951 இல் விலகி நின்றதன் விலையை என் குடும்பமே கொடுத்திருக்கிறது. நீதிமன்றம் நிற்க வேண்டிய இடம் முறையிடுபவரின் பக்கத்து வாசல். அதற்கும் இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2025 இல் பீகாரில் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியது. ஓகஸ்ட் 1 இல் வந்த வரைவில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இல்லை. யார் நீக்கப்பட்டார், ஏன் என்பது தெரியாமல் இருந்தது. ஓகஸ்ட் 14 இல் உச்ச நீதிமன்றம், நீக்கிய அந்தப் பெயர்களை ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு வெளியிடும்படி உத்தரவிட்டது. சனங்கள் தங்கள் அட்டை இலக்கத்தைப் போட்டுத் தேடிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும், உரிமை கோருபவர் ஆதார் அட்டையைக் காட்டலாம் என்றும் சொன்னது. திருத்தம் சரியா பிழையா என்ற பெரிய வாதம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த உத்தரவைக் கொண்டு ஒரு கிழவி தன் பேரன் கைப்பேசியில் தன் பெயரைத் தேடலாம், ஏன் என்று கேட்கலாம்.

2024 ஜூலையில் வந்த இன்னொரு தீர்ப்பும் என் மனதுக்கு நெருக்கமானது. அசாமில் ஒரு மனிதரை, ஆவணங்களில் பெயர் எழுத்தும் திகதியும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருப்பதை வைத்து அந்நியர் என்று அறிவித்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அவரை இந்தியர் என்றது. எழுத்துப் பிழைகள் இந்த நாடுகளில் சாதாரணம், எழுதுகிறவர் கேட்டபடி எழுதுவார், அதற்காக ஒருவரின் குடியுரிமை போகக் கூடாது என்றது. அதோடு, வெறும் சந்தேகத்தை மட்டும் வைத்து ஒருவரைக் கூட்டிக்கொண்டுவந்து நிரூபி என்று சொல்ல முடியாது, அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் காட்டு என்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது அவர் இறந்து போயிருந்தார். ஒவ்வொரு லெட்சுமி அம்மாவின் கோப்பிலும் அந்தத் தீர்ப்பின் வரிகளை வைத்துத் தைக்க வேண்டும் போல் எனக்கு இருக்கும்.

அதே 2024 ஒக்டோபரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அசாம் ஒப்பந்தத்தைச் சட்டமாக்கிய குடியுரிமைச் சட்டப் பிரிவை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் செல்லும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பில், அந்நியரைக் கண்டறியும் வேலை மந்தமாக இருக்கிறது, அதை நீதிமன்றம் கண்காணிக்க ஓர் அமர்வு அமைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். முதல்முறை நடந்ததைப் பார்த்த பிறகும் அந்த வாசகத்தை வாசிக்க நெஞ்சு பதறுகிறது.

எங்கள் பக்கம் பிரச்சினை தீர்ந்த விதமும் சொல்லப்பட வேண்டியது. 2003 இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழிவந்தவர்களும் இலங்கைப் பிரஜைகள். பாட்டன் பூட்டன் தேவையில்லை, ஒரு பிரகடனம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அந்த டிசெம்பரில் பத்து நாள் நடந்த முகாம்களில் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகளானார்கள். அரை நூற்றாண்டாக ஆணையாளர்களும் ஒப்பந்தங்களும் முடிக்காத வேலை. 1983 கலவரத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு ஓடியவர்கள் அதில் விடுபட்டிருந்தார்கள். 2009 இல் ஒரு திருத்தம் அவர்களையும் சேர்த்தது. ஓர் ஆளை நம்பித் தொடங்கினால் பட்டியல் எவ்வளவு வேகமாக முடிகிறது!

அதே 2009 இல், போரின் முடிவில், வன்னி முழுவதும் தாளில்லாத ஊராகியது. ஓடும்போது எல்லோரிடமும் ஒரு பை இருந்தது. அதில் அடையாள அட்டை, காணி பேர்மிட், பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், மழை நனையாமல் பொலித்தீனில் சுற்றி. முள்ளிவாய்க்காலில் எத்தனை பைகள் போயின என்று யாருக்கும் தெரியாது. செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்கு வெளியே வரிசையில் நின்று, ஊர், தகப்பன் பெயர், கிராம அலுவலரான விதானையாரின் பெயர் சொல்லிப் பதிந்தோம். பிறகு நடமாடும் சேவைகள் வந்தன, உத்தேச வயதுச் சான்றிதழ், பிந்திய பதிவு, மறுபிரதி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சேர்த்தோம். அந்த நேரம் யாராவது ஒரு நாளைக் குறித்து, அதற்குள் 1971க்கு முந்திய தாள் கொண்டுவா என்று கேட்டிருந்தால் எங்களில் எத்தனை பேர் தேறியிருப்போம்? நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

இப்போது தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து திரும்பும் குடும்பங்கள் வருகின்றன. பிள்ளைகள் மண்டபத்திலும் திருச்சியிலும் பிறந்தவர்கள். கையில் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ். தாய் தகப்பனின் பிரஜாவுரிமை வழியாக அவர்களைப் பதிய வேண்டும். சென்னைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதியாமல் வந்திருந்தால் இங்கே கொழும்பு வரை அலைச்சல். இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தம் மூன்று நாடுகளை மட்டும் சொன்னது, இலங்கை அதில் இல்லை. ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு அங்கும் வழியில்லை, இங்கும் தாமதம். போன மாதம் ஒரு பொடியன் உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை இல்லாமல் என் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தான். தகப்பன் பேசவே இல்லை.

இங்கே மறுப்பு வந்தால் போகும் வழி தூரமானது. அடையாள அட்டையும் பிரஜாவுரிமையும் மத்திய அரசின் விடயங்கள் என்பதால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்க முடியாது, கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அடிப்படை உரிமை மனு என்றால் உயர் நீதிமன்றம், அதுவும் ஒரு மாதத்துக்குள். கிளிநொச்சியில் இருந்து இரவு பஸ் ஏறி, வக்கீல் பிடித்து, கட்டணம் கட்டி, ஒரு மாதத்துக்குள்! மாகாண மேல் நீதிமன்றங்களுக்கே இந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும் என்று நான் போகிற கூட்டமெல்லாம் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

அது நடக்கும் வரைக்கும் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால் வாய்ச்சொல்லோடு வீட்டுக்கு வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், திகதி போட்டு வாங்குங்கள். தர மாட்டோம் என்றால் 2016 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அதையே விண்ணப்பமாகக் கொடுங்கள், படிவம் என்னிடம் இருக்கிறது. ஒரு மாதம் முடிவதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதிந்துவிடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. அந்தப் பொடியனின் தகப்பனும் திங்கட்கிழமை வவுனியா போகிறார், கடதாசிகளைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.